முப்பதாவது எட்டில் ஒரு வெள்ளைத் துணி

எங்கள் கடலைக்காட்டில் பரணுக்கு நேர் எதிரே, எண்ணி முப்பது எட்டில், அப்பாரு ஒரு கிளுவைக் குச்சியை ஊன்றி அதன் தலையில் வெள்ளைத் துணி கட்டியிருப்பார். வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில், நரசீபுரத்துப் பக்கம், காட்டுப்பன்னிக்காக ராத்திரி முழுக்கக் காவல் இருந்த காலம். பன்னி அந்தத் துணியைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தால்தான் அவர் துப்பாக்கியைத் தூக்குவார். "துணிக்கு அந்தப்பக்கம் நிக்கறது பன்னி இல்ல கண்ணு, நெழலு" என்பார். அவரிடம் இருந்தது லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் 12 போர். அதன் குண்டு அறுபது எட்டிலும் போய் அடிக்கும். அது தெரிந்துதான் முப்பதில் குச்சி நட்டார்.

1971 கார்த்திகை. எனக்குப் பதினைந்து வயது. அப்பாரு கண்ணயர்ந்த நேரத்தில், துணிக்கு வெகு அப்பால், இன்னொரு முப்பது எட்டு தள்ளி ஒரு தனிப்பன்னி கடலைச் செடியைக் கிளறிக்கொண்டிருந்தது. சுட்டேன். அலறிக்கொண்டு ஓடையைப் பார்த்து ஓடிவிட்டது. பட்டுவிட்டது என்ற சந்தோஷத்தில் எனக்குக் கை நடுங்கியது.

அப்பாரு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினார். டார்ச் வெளிச்சத்தில் ஒரு கடலை இலையைக் கிள்ளி எடுத்து, அதிலிருந்த ரத்தத்தை விரலில் தேய்த்து முகர்ந்தார். "நொரை கட்டியிருந்தா நெஞ்சு. கருஞ்சிவப்பா இருந்தா ஈரலு. இதுல பச்சை கலந்திருக்குது பாரு. வயித்துல பட்டிருக்குது." வயிற்றில் குண்டு வாங்கிய விலங்கு உடனே சாகாது. குடல் அழுகி, தாகத்தில் தண்ணீரைத் தேடிப் போய், சில சமயம் நாள் கணக்கில் கிடந்து சாகும். இருட்டில் பின்தொடர முடியாது. விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

அன்று முழுக்கத் தேடினோம். மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் ஓடைக்குள், உண்ணிச்செடிப் புதருக்கு அடியில் கண்டோம். ஈர மண்ணில் வயிற்றை அழுத்திக்கொண்டு படுத்திருந்தது. உயிர் இருந்தது. எழ முடியவில்லை. எங்களைப் பார்த்ததும் காது மட்டும் அசைந்தது. ஐந்து எட்டில் நின்று அப்பாரு முடித்துவைத்தார். என்னைத் திட்டவில்லை. அடுத்த நாள் காட்டுக்குப் போனபோது குச்சி இருபதாவது எட்டில் நின்றது.

அதற்கடுத்த ஆண்டு, 1972இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பரணிலிருந்து இறங்கினோம். நான் பிறகு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து பல வருஷம் காகிதக் குறிகளைச் சுட்டேன். குண்டு எப்படிப் பறக்கிறது என்பதை அங்கேதான் முறையாகப் படித்தேன். படிக்கப் படிக்க அப்பாருவின் குச்சி எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது.

பெரிய விலங்கு வேட்டைக்கு உலகெங்கும் புழங்கும் .308 ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில், 500 மீட்டர் தூரம் போவதற்குள் குண்டு ஒன்றரை மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிடும். இந்தத் தாழ்வைக் கணக்குப் போட்டுவிடலாம். இன்று அதற்குக் கருவியே இருக்கிறது. காற்றைத்தான் கணக்குப் போட முடியாது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் அடிக்கும் சாதாரணக் காற்றே அந்தக் குண்டை அரை மீட்டருக்குத் தள்ளிவிடும். பன்னியின் நெஞ்சுக்கூட்டில் உடனே உயிர் போகும் இடம் ஒரு சாண். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றைக் கோயமுத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே தென்னை சாயும்போது அங்கே வேம்பு அசையாமல் நிற்கும்.

இன்னொன்று நேரம். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கச்சி மகன் போன வருஷம் ஒரு வீடியோ அனுப்பினான். வயோமிங்கில் எல்க் என்கிற பெரிய மானைச் சுட்டிருக்கிறான். "எழுநூறு மீட்டருங்க மாமா!" என்றான் போனில். அவ்வளவு தூரம் போக நல்ல ரைஃபிளின் குண்டுக்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். விரலை இழுத்த பிறகு மான் ஓர் எட்டு வைத்தால், நெஞ்சுக்குப் போக வேண்டிய குண்டு வயிற்றில் இறங்கும். இதைத் திறமையால் சரிசெய்ய முடியாது. நான் அவனிடம் ஒன்றுதான் கேட்டேன்: "அந்த எடத்துக்கு நடந்து போக எவ்வளவு நேரமாச்சு?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "நடுவுல பள்ளம் மாமா, ஒரு மணி நேரம் ஆயிருச்சுங்க" என்றான். அவன் மான் விழுந்துவிட்டது. விழாமல் நகர்ந்திருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் அது எங்கே போயிருக்கும், முதல் சொட்டு ரத்தத்தை எந்தப் புல்லில் தேடுவது?

அந்த நாட்டு வேட்டைக்காரர்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் கிளப், நெடுந்தூரச் சுடுதலை ஏற்கவில்லை. மோப்பம், காது, கண் எதுவும் உதவாத தூரத்திலிருந்து சுட்டால் விலங்குக்குத் தப்ப வழியே இல்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அதைவிடப் பின்தொடர்தல்தான் பெரிது. காயப்பட்டதைத் தேடிப் பிடித்து முடித்துவைக்க முடியாத தூரத்தில் சுட ஒருவனுக்கும் உரிமை கிடையாது. நம் திம்பம், தாளவாடிக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சனும் காயப்பட்ட விலங்கை நடந்தே தேடிப் போனவர்தான்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்னி விஷயத்தில் ஒரு முடிவு எடுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். மக்காச்சோளத்தை ஒரே ராத்திரியில் பறிகொடுத்த விவசாயியின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். இந்த முடிவு வேண்டியதுதான். ஆனால் அதில் இருக்கிற தூரமெல்லாம் காட்டு எல்லையிலிருந்து அளந்தது. துப்பாக்கிக்கும் பன்னிக்கும் நடுவில் எவ்வளவு என்பதையும் யாராவது அளக்க வேண்டும். நம் சமவெளியில் தோட்டத்துக்கு ஒரு சாளை வீடு. குறி தப்பிய ரைஃபிள் குண்டு 3 கிலோமீட்டரையும் தாண்டிப் போகக்கூடியது. பரண் மேலிருந்து இருபது முப்பது எட்டில் கீழ்நோக்கிச் சுட்டால் அது மண்ணுக்குள் போய் அடங்கிவிடும்.

துப்பாக்கியே இல்லாமலும் தூர நின்று கொல்கிறார்கள். அவுட்டுக்காய். தீனிக்குள் வெடிமருந்தை வைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வது. எது கடிக்கிறது, எங்கே போய்ச் சாகிறது, வைத்தவன் பார்ப்பதில்லை. கேரளத்தில் மண்ணார்க்காட்டுப் பக்கம், அப்படி ஒன்றைக் கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை வெள்ளியாற்றில் தும்பிக்கையையும் வாயையும் நீருக்குள் வைத்தபடி நின்று, 2020 மே 27இல் செத்தது. நம் சட்டம் விலங்கைக் காயப்படுத்துவதையும் வேட்டை என்றே சொல்கிறது. அந்த வரி எனக்குப் பிடிக்கும்.

இதற்கு நேர்மாறாக, மசினகுடியில் டி23 என்ற புலியை 2021இல் பிடித்ததை நினைத்துக்கொள்கிறேன். வனத்துறையினர் மூன்று வாரம் தேடினார்கள். அக்டோபர் 14 ராத்திரி மயக்க ஊசி போட்டும் புலி இருட்டுக்குள் மறைந்துவிட்டது. விடவில்லை. மறுநாள் தேடிக் கண்டு, உயிரோடு கூண்டில் ஏற்றினார்கள். மயக்க ஊசித் துப்பாக்கிக்குக் கிட்டப் போயாக வேண்டும். போட்ட பிறகு மருந்து ஏறும்வரை கூடவே இருக்க வேண்டும்.

எங்கள் கடலைக்காடு காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதனால் எனக்குத் தகர டின்னும் டார்ச்சும்தான். பழைய பரண் இருந்த இடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறேன். போன தையில் ஒரு தாய்ப்பன்னி, முதுகில் கோடு போட்ட ஆறு குட்டிகளோடு வந்தது. இருபது எட்டு இருக்கும். நின்று, மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. நிலா வெளிச்சத்தில் அதன் முன்னங்காலுக்குப் பின்னால் அந்த ஒரு சாண் இடம், மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவது வரை தெரிந்தது. டின்னைத் தட்டினேன்.