மலைக்கும் சந்தைக்கும் நடுவே ஒரு வளாகம்

பல்கலைக்கழகம் என்பது ஊரைவிட்டு விலகி, நெடுஞ்சாலை ஓரத்தில், நீண்ட சுற்றுச்சுவருக்குள் அமைய வேண்டியது என்னும் எண்ணம் தமிழ்நாட்டில் கடந்த அறுபது ஆண்டுகளில் ஆழமாக வேரூன்றிவிட்டது. 1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் சேப்பாக்கத்தில், நகரத்தின் அலுவலகங்களும் அச்சகங்களும் நீதிமன்றமும் எட்டும் தொலைவில் வளர்ந்தது; 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியபோதோ, அதற்கெனத் தேனிச் சாலையில் நகரத்தைக் கடந்து 'பல்கலை நகர்' என்ற தனி ஊரே உருவாக்கப்பட்டது. நிலம் மலிவாகவும் விரிவாகவும் கிடைத்ததும், விடுதிகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் இடம் தேவைப்பட்டதும் இதற்குக் காரணங்கள். அவை தவறான காரணங்களும் அல்ல. ஆனால் கடைவீதிக்கு வந்த ஒரு விவசாயியோ பட்டறைக்காரரோ தம் ஐயத்தைக் கேட்க உள்ளே நுழைந்துவிட்டுப் போகக்கூடிய இடமாகப் பல்கலைக்கழகம் இருக்கும் வாய்ப்பு அத்துடன் பெரிதும் குறைந்துபோயிற்று.

இந்த இழப்பை ஈடுசெய்யும் முயற்சியாகவே 'நகர்மைய வளாகம்' என்னும் கருத்து உலகின் பல பகுதிகளில் பேசப்படுகிறது. பல்கலைக்கழகம் தன் துறைகளில் சிலவற்றை நகரத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, அங்குள்ள தொழில்களோடும் அலுவலகங்களோடும் அன்றாட உறவு கொள்வதன் மூலம் சுற்றுவட்டாரத்தின் பொருளாதாரத்துக்கே உந்துதல் தருவது அதன் சாரம். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம் இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. மாலையில் அலுவலகங்கள் மூடியதும் வெறிச்சோடிப்போகும் நகர்மையத்துக்கு உயிரூட்டுவதற்காக, 2006ஆம் ஆண்டு அந்நகர வாக்காளர்களே அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்கு 22.3 கோடி டாலர் கடன்பத்திர நிதியை வாக்களித்து ஒப்புக்கொண்டனர். செவிலியர் கல்வியும் இதழியல் பள்ளியும் அங்கு இடம்பெற்றன. இதே கருத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் 1960களில் பல்கலைக்கழக விரிவாக்கத்துக்காகவும் அறிவியல் மையத்துக்காகவும் 'பிளாக் பாட்டம்' எனப்பட்ட கறுப்பின மக்களின் குடியிருப்பு இடிக்கப்பட்டு, அங்கு வாழ்ந்த ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். யாருக்காக வளர்ச்சி என்ற கேள்வியைக் கேட்காமல் கட்டடத்தை எழுப்பினால் நேரக்கூடியது அதுவே.

பெருநகரங்களின் இந்த அனுபவம் பழனி மலையின் அடிவாரத்திலுள்ள வத்தலக்குண்டு போன்ற ஒரு பேரூராட்சிக்குப் பொருந்துமா என்று கேட்பது முதல் பார்வைக்கு மிகையாகத் தோன்றலாம். எனினும் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அந்த மிகை மறைந்துவிடுகிறது. திண்டுக்கல், பெரியகுளம் வழியாகத் தேனி, நிலக்கோட்டை, உசிலம்பட்டி, கொடைக்கானல் ஆகிய திசைகளுக்குப் போகும் சாலைகள் வத்தலக்குண்டில் சந்திக்கின்றன. ரயிலில் கொடைரோட்டில் இறங்கியவர்கள் மலையேறும் வழியும் இதுதான். பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் வழியே தாண்டிக்குடிக்கு ஏறும் பாதைக்கும் இவ்வூரே வாசல். கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி, பூண்டி முதலிய ஊர்களைக் கொண்ட பகுதியை மக்கள் மேல்மலை என்றும், பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை ஆகியவற்றை உள்ளடக்கிய தாழ்ந்த பகுதியைக் கீழ்மலை என்றும் அழைப்பது வழக்கம். இரண்டு மலைகளின் விளைச்சலிலும் கணிசமான பகுதி இந்த அடிவாரச் சாலைகளின் வழியாகத்தான் சமவெளிக்கு வந்து சேர்கிறது.

வியப்பூட்டுவது என்னவென்றால், இந்த ஊரைச் சுற்றி ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் பஞ்சமே இல்லை. கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் 1984இல் மாநிலச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. கீழ்மலையில் தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், மேல்மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையமும் இயங்குகின்றன. மேற்கே பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி. கிழக்கே சின்னாளபட்டியை ஒட்டிக் காந்திகிராமம். 1899இல் அமைக்கப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் பாயும் விதத்தைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றது அங்கேதான். மலை உச்சியின் தெளிந்த வானத்துக்காக வந்த அந்த ஆய்வகத்துக்கு மலையின் பூண்டோடு உறவு எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் குறையாகச் சொல்ல முடியாது. மற்ற நிறுவனங்களுக்கு அந்த விலக்குக் கிடையாது.

ஒரு பல்கலைக்கழகம் தன் வட்டாரத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு மலைப்பூண்டின் கதை நல்ல சான்று. மேல்மலையில் விளையும் பூண்டு காரமும் மணமும் மிக்கது. நெடுநாள் கெடாமல் இருப்பது. விதைப்பூண்டாகவும் பிற மாநில வியாபாரிகளால் விரும்பி வாங்கப்படுவது. அன்னை தெரசா பல்கலைக்கழகத்தின் உயிர்த் தொழில்நுட்பவியல் துறை முன்முயற்சி எடுத்து, அந்தப் பூண்டின் தனித்தன்மைகளைத் தொகுத்து விண்ணப்பித்ததன் விளைவாக, 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் தரமும் புகழும் அது விளையும் இடத்தினாலேயே அமைகின்றன என்பதைச் சட்டப்படி ஏற்று, அந்தப் பெயரை வேறு இடத்தார் பயன்படுத்தாமல் காப்பது புவிசார் குறியீடு. 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ், சென்னையிலுள்ள பதிவகம் இதை வழங்குகிறது. மலைவாழ் விவசாயி தனியாகச் செய்துமுடிக்க இயலாத வேலை இது. வேதியியல் பகுப்பாய்வு, வரலாற்றுச் சான்றுகள், எல்லை வரைபடம் என்று பலவற்றையும் ஒருங்கே திரட்ட ஒரு பல்கலைக்கழகத்தால்தான் எளிதில் முடியும்.

ஆயினும் குறியீடு பெறுவது வேலையின் முதற்பாதிதான். அச்சட்டத்தின்படி ஒவ்வொரு விளைவிப்பவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' எனத் தனியே பதிவுசெய்துகொண்டால்தான் அந்தக் குறியீட்டைத் தம் மூட்டையின்மீது முறையாகப் பொறிக்க முடியும். பதிவும் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதைவிடக் கடினமானது சந்தையில் அசலைப் பிரித்துக் காட்டுவது. மலைப்பூண்டின் பெரிய வியாபாரம் கொடைக்கானலில் நடப்பதில்லை. பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில், வெளி மாநிலங்களிலிருந்து வரும் பூண்டுக்குப் பக்கத்திலேயே வைத்து அது விலைபேசப்படுகிறது. கமிஷன் கடைக்காரரின் கைக்குத் தெரியும் வேறுபாடு, சென்னையிலோ பெங்களூரிலோ சில்லறையாக வாங்குபவருக்குத் தெரியாது. ஆய்வு மலையுச்சியில், விலை அடிவாரத்தில்: இந்த இடைவெளியில்தான் குறியீட்டின் பயன் பெரும்பாலும் கரைந்துபோகிறது.

அடிவாரத்திலேயே பிறந்த ஆய்வு எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதைப் பெரியகுளம் காட்டியிருக்கிறது. போத்து நட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து காய்பறித்த மரமுருங்கைக்கு மாற்றாக, விதைத்த சில மாதங்களிலேயே காய்க்கும் செடிமுருங்கை 'பி.கே.எம். 1' என்ற பெயரில் அங்கிருந்துதான் வெளியிடப்பட்டது. அந்த மூன்றெழுத்தும் பெரியகுளத்தையே குறிக்கின்றன. திண்டுக்கல், கரூர் வறண்ட நிலங்களில் முருங்கை வயல்பயிரானதும், அதன் விதை ஆப்பிரிக்க நாடுகள்வரை சென்றதும் அந்த ரகத்தினால். விருப்பாட்சி வாழையின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்பெற்ற அந்த மலைவாழை, அசுவினியால் பரவும் முடிக்கொத்து நோய் தாக்கியதால் கீழ்மலையின் பெரும்பரப்பிலிருந்து மறைந்தது. நோய்க் கிருமியற்ற திசுவைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துக் கன்றுகளாக்கும் திசு வளர்ப்பு முறை பிறகு அதற்குக் கைகொடுத்தது. ஆனால் சுத்தமான கன்றை நட்டபின்னும் பக்கத்துத் தோட்டத்தின் நோயுற்ற மரத்தைப் பிடுங்காவிட்டால் எல்லாம் வீண். எனவே இங்கு தேவைப்பட்டது தொழில்நுட்பத்தோடு கூடவே, தோட்டந்தோறும் பேசி இணங்க வைக்கும் தொடர்ந்த உழைப்பு.

அப்படிப்பட்ட உழைப்பையே கல்வியின் மையமாகக் கொண்ட நிறுவனம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. மருத்துவர் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில் 1956இல் கிராமிய நிறுவனம் உருவாகி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பாடமும் ஆய்வும் விரிவாக்கப் பணியும், அதாவது கற்றதைக் கிராமத்துக்குக் கொண்டுசென்று பயன்படுத்துவதும், ஒன்றுக்கொன்று சமமான கடமைகள் என்பது அதன் அடிப்படை. ஊர் பல்கலைக்கழகத்துக்கு வரவேண்டும் என்பதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகம் ஊருக்குப் போகவேண்டும் என்றனர் அதன் நிறுவனர்கள். இன்று வெளிநாட்டு மாதிரிகளைத் தேடுவோர் திண்டுக்கல் சாலையிலேயே இருக்கும் இந்த மாதிரியை மறப்பது விந்தைதான்.

அருகில் இருப்பது மட்டும் போதாது என்ற பாடத்தைச் சென்னை தருகிறது. தரமணியில் 2010 முதல் இயங்கும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்கா, நிறுவனங்களுக்கு வெறும் வாடகை இடமாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு கணக்குமுறையை வகுத்தது. அங்கு இடம்பெறும் நிறுவனம் பேராசிரியர்களோடு கூட்டாய்வு செய்தல், மாணவர்களுக்குப் பயிற்சிப் பணி தருதல் போன்றவற்றால் மதிப்பெண்கள் ஈட்டியாக வேண்டும். உறவு நலிந்தால் அது கணக்கில் தெரிந்துவிடும். பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பவர்கள்கூடக் கட்டாயம் ஏதும் இல்லையென்றால் பேசிக்கொள்வதில்லை என்னும் நடைமுறை அறிவின்மேல் எழுந்த ஏற்பாடு அது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வத்தலக்குண்டுக்குத் தேவைப்படுவது இன்னொரு சுற்றுச்சுவர் அன்று என்பது தெளிவாகிறது. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், மண்ணையும் இலையையும் சோதிக்கும் ஒரு சிறு கூடம், புவிசார் குறியீட்டுப் பதிவுக்கு உதவும் ஒரு மேசை, பூண்டையும் காபியையும் வெண்ணெய்ப் பழத்தையும் தரம்பிரித்துப் பதப்படுத்திப் பழக ஒரு கொட்டகை, மேல்மலை மாணவியர் மலையிறங்கி வந்து ஒரு பருவம் தங்கிப் படிக்க ஒரு விடுதி ஆகியவை இருந்தாலே அது வளாகம்தான். மலையின் தாங்குதிறனும் இதையே வற்புறுத்துகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்ட நிலையில், புதிய கட்டடங்களையும் புதிய வேலைகளையும் மேலே ஏற்றிக்கொண்டே போவது விவேகமாகாது.

வேறொரு காரணமும் உண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர்.ராஜம் ஐயர், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, 'மணிக்கொடி' இதழின் எழுத்தாளர் பி.எஸ்.ராமையா ஆகியோர் பிறந்த ஊர் இது. இவர்கள் ஒவ்வொருவரும் ஊரைவிட்டு வெளியேறித்தான் தத்தம் பணியைச் செய்ய முடிந்தது. திறமை மிக்கவர்களைப் பேருந்தேற்றி அனுப்புவதே சிற்றூர்களின் தலைவிதி என்று ஏற்றுக்கொள்வது எளிது; ஊரிலேயே பணிசெய்ய இடம்தரும் ஒரு வளாகம் அந்த விதியை மாற்றத் தொடங்கலாம்.

தடை பணத்தில் மட்டும் இல்லை. ஃபீனிக்ஸ் போலத் தன் மக்களிடம் வாக்குப் பெற்றுக் கடன்பத்திரம் வெளியிடும் நிலை ஒரு பேரூராட்சிக்குக் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன சிறு வளாகத்துக்கு அவ்வளவு பெரிய தொகையும் வேண்டியதில்லை. உண்மையான சிக்கல் உரிமையாளர்கள் பலர் என்பது. அன்னை தெரசா பல்கலைக்கழகம் மாநில உயர்கல்வித் துறையின்கீழும், தடியன்குடிசையும் பெரியகுளமும் வேளாண்மைத் துறையோடும், காந்திகிராமம் ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகத்தின்கீழும், காபி வாரியம் வணிக அமைச்சகத்தின்கீழும், மன்னவனூர் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின்கீழும் உள்ளன. ஒரே சாலையில் பயணம் செய்யும் இந்த நிறுவனங்களின் அறிவியலாளர்களை ஒரே கூரையின்கீழ் உட்காரவைக்கும் அதிகாரம் எந்த ஓர் அலுவலகத்துக்கும் இல்லை. ஆகவே முதலில் எழ வேண்டியது கட்டடம் அன்று. யார் எந்த நாளில் வருவார், சோதனைக் கட்டணம் எந்தக் கணக்கில் சேரும், விவசாயியின் கேள்விக்கு எத்தனை நாளில் விடை தரவேண்டும் என்று வரையறுக்கும் ஐந்து தரப்பு ஒப்பந்தம். அது கையெழுத்தானால், தொடக்கத்துக்குச் சந்தைப் பக்கத்தில் ஒரு வாடகைக் கட்டடமே போதும்.