தட்டு வெட்டும்போது வீட்டில் கரண்ட் போகிறதா?

காலை ஆறரை மணி. அடுப்படியில் இண்டக்ஷன் அடுப்பில் உலை கொதிக்கிறது. குளிக்கும் வாளியில் வாட்டர் ஹீட்டர் கிடக்கிறது. தொழுவத்தில் சோளத்தட்டு வெட்டும் மெஷினைப் போட்டாகிவிட்டது. ஐந்து நிமிஷம் ஓடும். 'டப்' என்று எம்.சி.பி. விழுந்துவிடும். தூக்கிவிட்டால் மறுபடியும் விழும். பாலுக்கு வண்டி வரும் நேரத்தில் இப்படி ஆனால் யாருக்கும் ஆத்திரம் வரத்தான் செய்யும்.

அந்த ஆத்திரத்தில் பலரும் ஒரு காரியம் செய்கிறார்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் அதை நேரில் பார்த்தேன். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்துகொண்டே இருக்கிறது என்று, தெரிந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டு அதைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு ஒரு நாளும் விழவில்லை. எல்லோருக்கும் திருப்தி. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில், தொழுவத்துப் பக்கம் ரப்பர் கருகும் வாடை வருகிறது என்று வீட்டுப் பாட்டி சொன்ன பிறகுதான் கூரைக்கடியில் ஓடிய பைப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். கை வைக்க முடியவில்லை. உள்ளே இருந்த ஒயரின் மேலுறை உருகி, இரண்டு ஒயரும் ஒட்டிக்கொள்ளும் நிலையில் இருந்தன. மேலே தென்னங்கீற்று, கீழே இரண்டு கறவை மாடும் ஒரு கன்றும்.

கணக்குப் பார்த்தால் விஷயம் புரியும். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஆம்பியர் வந்துவிடும். 1,500 வாட் ஹீட்டருக்கு ஆறரை ஆம்பியர். 2,000 வாட் அடுப்புக்கு எட்டே முக்கால். மோட்டாருக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 2 குதிரைத் திறன் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் முழுப் பளுவில் சுமார் 12 ஆம்பியர் இழுக்கும். மொத்தம் 27 ஆம்பியருக்கு மேல். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைச் சில நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு விழுகிறது. விழுவதுதான் அதன் வேலை. 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ 27 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சுவருக்குள் ஓடுவது அதே பழைய ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர்தான். பைப்புக்குள் ஓடும்போது அது சுமார் 15 ஆம்பியருக்கு மேல் தாங்காது. எம்.சி.பி. காப்பது மெஷினை அல்ல, ஒயரை. ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கக் கூடாது. பழைய ஃபியூஸ் கட்டை உள்ள வீடுகளில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக ஒயரின் இழைகளை முறுக்கிக் கட்டுவதும் இதே தப்புதான்.

சரி, விழுந்தால் என்ன செய்வது? முதலில், எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். சில நிமிஷம் ஓடியபின் விழுந்தால் பெரும்பாலும் பளு அதிகம். அந்த லைனில் உள்ள சாமான்களின் பிளக்கையெல்லாம் பிடுங்கிவிட்டு, இரண்டு மூன்று நிமிஷம் ஆறவிட்டு, நெம்புகோலை முழுக்கக் கீழே இறக்கிப் பிறகு மேலே தூக்குங்கள். சூடாக இருக்கும்போது தூக்கினால் நிற்காது. நின்றபின் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அங்கேதான் விஷயம். எல்லாவற்றையும் பிடுங்கியபின்னும் தூக்கியவுடனே படாரென்று விழுந்தால் ஒயரிங்கில் ஷார்ட் இருக்கிறது. எலி கடித்திருக்கலாம், ஜங்ஷன் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கலாம். திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்காமல் வயர்மேனைக் கூப்பிட வேண்டும்.

மெஷினைப் போட்ட கணத்திலேயே விழுவது வேறு சமாசாரம். மோட்டார் கிளம்பும்போது ஓடும் ஆம்பியரைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். எம்.சி.பி.யின் முகப்பில் ஆம்பியருக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'பி' வகை மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே உடனே விழுந்துவிடும். 'சி' வகை ஐந்து முதல் பத்து மடங்கு வரை தாங்கும். மோட்டார் லைனுக்கு அதே ஆம்பியரில் 'சி' வகை போட்டாலே போதும். மோட்டார் கிளம்பாமல் 'உம்' என்று உறுமிவிட்டு எம்.சி.பி. விழுந்தால் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். மெஷினை நெரித்து ஓட்டினாலும், கத்தி மழுங்கியிருந்தாலும் ஆம்பியர் ஏறும். கத்தியைச் சாணை பிடித்தபின் எம்.சி.பி. விழுவது நின்றுபோன வீடும் உண்டு! சாயங்கால வேளையில் வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் குறைவாக இழுக்கும். பளுவோடு ஓடும் மோட்டார் அதிகமாக இழுத்துச் சூடாகும். ஆகவே தட்டு வெட்டுவதை வோல்டேஜ் நன்றாக உள்ள நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

'டெஸ்ட்' பொத்தான் உள்ள ஆர்.சி.சி.பி. விழுந்தால் அது பளுவால் அல்ல. எங்கோ கரண்ட் கசிகிறது என்று பொருள். வீடுகளில் போடும் 30 மில்லி ஆம்பியர் வகை, ஆள் மேல் ஷாக் பாயும்போது லைனைத் துண்டிப்பதற்காக உள்ளது. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மோட்டார், விரிசல் விட்ட ஹீட்டர் ஆகிய இரண்டும்தான் அடிக்கடி அகப்படுகின்றன. இதற்குச் சுவிட்சை அணைத்துச் சோதித்தால் போதாது. நியூட்ரல் எர்த்தில் பட்டிருந்தாலும் இது விழும் என்பதால் பிளக்கையே பிடுங்க வேண்டும். தொல்லை என்று இதை நேராக இணைத்துவிடும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. ஈரத் தொழுவத்தில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது எமன்.

பெருந்துறை வீட்டில் பிறகு செய்தது இதுதான். மெயின் போர்டிலிருந்து தொழுவத்துக்கென்று தனி லைன். 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், தனி எர்த் ஒயர், 'சி' வகை 16 ஆம்பியர் எம்.சி.பி., மோட்டாரின் இரும்புச் சட்டத்துக்கு எர்த் இணைப்பு. தொழுவத்துக்குள் கீற்றுக்கடியில் ஓடிய பைப்பை எடுத்துவிட்டுக் கல் தூண் வழியாக இறக்கினார்கள். பழைய லைனில் 32-ஐக் கழற்றிவிட்டு, அந்த ஒன்றரை ஒயருக்குத் தக்க 10 ஆம்பியர் போட்டார் வயர்மேன். அந்த லைனில் இனி அடுப்பும் ஹீட்டரும் சேர்ந்து ஓடாது. ஹீட்டரை விடியுமுன் போட்டுவிடுகிறார்கள்.

இப்படி மோட்டார் சேர்க்கும்போது, வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, போதாவிட்டால் கூட்டிக்கொள்ளுங்கள். மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள சர்வீஸ் ஃபியூஸைத் தொடவே வேண்டாம். அது வாரியத்தார் பொறுப்பு. போர்டைத் திறக்கும் எந்த வேலைக்கும் முன்னால் மெயினை இறக்கிவிட வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.