கிடத்தி வார்த்து நிமிர்த்தும் சுவர்

2021-ஆம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்புத் தொகுதி ஒன்று இடிந்து விழுந்தது. விரிசல் கண்டு ஜனங்கள் முன்னரே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. சர்க்கார் கட்டிய அக்கட்டடத்துக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. நமது வடகரைத் தொழிலாளிக்கு எத்தகைய வீடு வேண்டும் என்பதை இனியேனும் யோசிக்க வேண்டாமா?

கான்கிரீட் சுவரைத் தரையிலேயே கிடத்தி வார்த்து, இறுகியபின் கிரேனால் தூக்கி நிறுத்தும் முறை ஒன்று உண்டு. வீட்டின் தளமே அச்சுப் பலகை. ஓரங்களில் மட்டும் சட்டம் அடித்தால் போதும். சுவர் ஒட்டிக்கொள்ளாதிருக்கத் தளத்தில் பூச்சு இடுவார்கள். கூரை ஏறும்வரை சாய்கால்கள் தாங்கும். சாரமும் மரப்பலகையும் பெரிதும் மிச்சம். ஆனால் ஒரு வீட்டுக்காகக் கிரேனை அழைத்தால் கட்டாது. தெருத்தெருவாகக் கட்டினால்தான் செலவு குறையும். துறைமுகத்தை அண்டி வாழும் நம்மவர்க்குக் கிரேன் புதுமையான பொருளன்று!

அமெரிக்காவில் இர்விங் கில் என்ற சிற்பி, 1914-ல் முடிவுற்ற லா ஹோயா மாதர் சங்கக் கட்டடத்தின் வளைவுச் சுவர்களை இப்படித்தான் எழுப்பினார். அப்பிரதேசத்துப் பழைய மாதா கோயில்களின் வளைவையே அவர் கான்கிரீட்டில் வார்த்தார். அங்ஙனமாயின் நமது திண்ணையும் தூணும் தாழ்ந்த ஓட்டிறப்பும் ஏன் வரக்கூடாது? இது வெறும் அலங்காரமன்று. மெல்லிய கான்கிரீட் சுவர் வெயிலை உள்ளே விடும். இறப்பின் நிழல் அதைத் தடுக்கும். காசிமேட்டுப் பரதவர்க்கு வலை பழுது பார்க்கத் திண்ணை வேண்டும். அதை நான்காம் மாடியில் எங்ஙனம் தேடுவது?

கடற்காற்று உப்பே இங்கு பெரும் சத்துரு. கம்பி துருவேறிப் பருத்தால் கான்கிரீட் பிளந்து உதிரும். கம்பிக்கு மேல் போதிய கனம் இருக்கிறதா என்பதைக் கிடந்த சுவரில் கண்ணாலேயே பார்க்கலாம். நின்ற சுவரில் அது எளிதன்று. உவர்நீரையும் கடல்மணலையும் அண்டவிடலாகாது. அனல் மின் நிலையச் சாம்பலை ஸிமெண்டோடு அளவாகச் சேர்த்தால் உப்பு ஊடுருவுவது குறையும். எண்ணூர்க் கழிமுகத்தைக் கெடுத்த சாம்பல் எண்ணூரார் வீட்டுக்காவது உதவட்டுமே!

தாழ்ந்த வீடுகளுக்கு நிலம் ஏது என்பார்கள். ஆட்சேபம் நியாயமே; இராயபுரத்துச் சந்துகளில் இது நடவாது. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே பொது நிலம் உள்ள இடத்தில்தான் நடக்கும். நகரின் தென்பகுதியான பெரும்பாக்கத்தில் 2022-ல், முன்கூட்டி வார்த்த கான்கிரீட் உறுப்புகளால் 1,152 வீடுகள் எழுந்தன. வார்ப்பு வேலை நம்மால் ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆயினும் கடலில் பிழைப்பவனை அவ்வளவு தூரம் அனுப்புவது வீடு தருவதாகாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அதே கில், 1910-ல் ஸியெரா மாட்ரேயில் தொழிலாளருக்கென அழகிய சிறு வீடுகள் கட்டினார். அழகைக் கண்டு வாடகை உயர்ந்தது. தொழிலாளி குடியேற முடியவில்லை. ஆகவே, பட்டா குடியிருப்போர் பெயரில் இருக்க வேண்டும். முதலில் ஒரே தெருவில் இருபது வீடுகள் எழுப்பி, இரண்டு மழைக்காலம் கழித்து, மூட்டுகளில் நீர் கசிகிறதா என்று அங்கு வாழ்வோரையே சர்க்கார் கேட்கட்டும்.