கல்லில் ஒரு பெயர்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அங்குள்ள கல்வெட்டொன்று, ராஜராஜனின் தமக்கை குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிப்பிடுகிறது. அவ்வளவுதான்! அவர் எப்படிச் சிரித்தார், எதற்குப் பயந்தார் என்றெல்லாம் கல் சொல்லவில்லை.

1950-ல் 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கிய கல்கி, அந்தப் பெயருக்கு ஒரு குதிரையைக் கொடுத்தார். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரைக்கு அழைத்து வந்தார். ஏரியின் வரலாறு அங்கே பாடமாக வரவில்லை. வேடிக்கை பார்க்கும் வாலிபனின் கண் வழியே வருகிறது. கரையில் கூடிச் சித்திரான்னம் சாப்பிடுகிறவர்களைக் கண்டதும், "அட, இது நம் வீட்டுப் பண்டிகையல்லவா!" என்கிறோம். ஆயிரம் வருஷம் ஒரு க்ஷணத்தில் கரைந்துவிடுகிறது.

ஆனால் ஒன்று. ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும், குற்றவாளிகளின் நிலங்கள் பறிமுதலானதும் உடையார்குடிக் கல்வெட்டே கூறும் செய்திகள். நந்தினியோ முழுக்க முழுக்கக் கற்பனை! அவளையும் சரித்திரம் என்று நம்புகிறவர்கள் எத்தனை பேர்! அது கதாசிரியரின் வெற்றி. அதுவே நமக்கு எச்சரிக்கையும்கூட. கதையை ரசியுங்கள், நேயர்களே. பிறகு ஒருமுறை அந்தக் கல்லையும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்!