சந்தா கட்டிய பிறகும் உண்டியலா?

எங்கள் வியாசர்பாடியில் கேரம் மன்றங்களுக்குப் பஞ்சமில்லை. மாதச் சந்தா கட்டினால் போதும். போர்டு, காய், பவுடர் எல்லாம் மன்றத்தோடது. "இன்னும் பத்து ரூபா குடு, சிவப்புக் காயைக் குழி ஓரமா வெச்சுத் தர்றேன்" என்று எந்தச் செயலாளராவது சொன்னால் அன்றைக்கே மன்றம் இரண்டுபட்டுவிடும். இந்த நியாயம் செல்போன் விளையாட்டில் மட்டும் செல்லாதாம்!

பிளஸ் டூ படிக்கும் என் மகன் ஆடும் ஒரு விளையாட்டுக்கு மாதம் 159 ரூபாய் சந்தா. பிள்ளை கண்ணெதிரே இருக்கிறானே என்று மனமொப்பித்தான் கட்டுகிறேன். ஆனால் உள்ளே போனால் ஒரு கடை! அங்கே ரூபாய் செல்லாது, 'ரத்தினம்'தான். 100 ரத்தினம் அடங்கிய கட்டு 89 ரூபாய். அவன் ஆசைப்பட்ட சட்டையோ 150 ரத்தினம். ஆக, இரண்டு கட்டு வாங்க வேண்டும், 178 ரூபாய். மிச்சம் நிற்கும் 50 ரத்தினத்துக்கு உருப்படியாக எதுவும் வராது. மேற்கொண்டு ஒரு கட்டு வாங்கினால்தான் உண்டு. சந்தாவைவிடச் சட்டை விலை அதிகம். அதுவும் துவைத்துக் காயப்போட முடியாத சட்டை!

"அதான் சந்தா கட்றோமேடா, சட்டைக்கு வேற எதுக்குக் காசு?" என்றேன்.

"இன்னாம்மா நீ, ஓசிச் சட்டைல வந்தா பசங்க கலாய்க்கிறாங்கம்மா."

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பதினேழு வயதுப் பிள்ளையின் கூச்சத்துக்கு விலை போட்டு வைத்திருக்கிறார்களே, அவர்கள்மேல்தான் வந்தது.

இந்த வயிற்றெரிச்சல் நமக்கு மட்டுமல்ல, சகோதரிகளே. 2004-ல் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' மாதம் சுமார் 15 டாலர் சந்தாவில் நடந்த விளையாட்டு. 2010 ஏப்ரலில் அதன் கடையில் நட்சத்திரம் மின்னும் குதிரையொன்றை 25 டாலருக்கு விற்றார்கள். 'ஈவ் ஆன்லைன்' என்ற இன்னொரு சந்தா விளையாட்டில், 2011-ல் ஒற்றைக்கண் கண்ணாடி ஒன்றுக்கு 60 டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள்ளேயே கூட்டமாகத் திரண்டு எதிர்ப்புக் காட்டினார்கள். கடைசியில் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். கேட்கிறவர் கேட்டால் பதில் வரத்தான் செய்கிறது.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை விதிக்கிறது. சந்தா கட்டிப் பொழுதுபோக்காக ஆடுவது அந்தத் தடைக்குள் வராது. ஆகவே இந்தக் கடைக்குக் காவல் நாம்தான்.

முதல் வேலை: போனில் பிளே ஸ்டோர் அமைப்புகளுக்குப் போய், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 'ஃபேமிலி லிங்க்' வைத்தால், நீங்கள் சம்மதம் சொன்னால்தான் வாங்க முடியும். யு.பி.ஐ. ரகசிய எண் உங்களுக்கு மட்டுமே தெரியட்டும். யு.பி.ஐ. செயலியில் 'ஆட்டோபே' என்ற பகுதியைத் திறந்து, மாதாமாதம் எதற்கெல்லாம் பணம் போகிறது என்று பாருங்கள். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கட்டாயம் கிடைக்கும் என்றில்லை. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் வைத்திருக்கிறேன். கடையில் எது வேண்டுமானாலும், அதன் விலையை ரத்தினத்தில் சொல்லக்கூடாது. ரூபாயாக மாற்றி, பால் கணக்கு நோட்டில் அவனே தன் கையால் எழுத வேண்டும். கீழேயே அந்த வாரக் காய்கறிச் செலவு இருக்கும். போன வாரம் 178 என்று எழுதியவன், கீழே இருந்த கணக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "விடும்மா, அப்பால பாத்துக்கலாம்" என்று தானே அடித்துவிட்டான்.