கொடுவா தலையில் ஒரு கல்

கொடுவா மீன் தலையைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறீர்களா? அப்போது பல்லில் ஒரு வெள்ளைக் கல் தட்டுப்பட்டிருக்கலாம். அது கடல் மணலில் கிடந்த கல் அல்ல. மீனின் காதுக்குள்ளேயே வளர்ந்த கல். மீனுக்குக் காது வெளியே தெரியாது, மண்டைக்குள் இருக்கிறது. உடம்பு சாயாமல் நீந்தவும் ஓசை கேட்கவும் இந்தக் கல் உதவுகிறது.

அந்தமானில், போர்ட் பிளேயர் நகரத்தில் இருக்கிறது மரைன் ஹில். (இந்த நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாற்றம் அறிவித்தார்கள்.) இந்த ஊரில் நாம் கொடுவா என்று சொல்லும் மீனை வங்காளிகள் பேட்கி என்பார்கள். எந்தப் பெயர் சொன்னாலும் நல்ல விலை போகும் மீன்.

கொடுவா ஆற்று முகத்தில், உப்பு நீரில் முட்டையிடும். குஞ்சுகள் அலையாத்திக் காட்டுக் கழிகளுக்குள் நுழையும். சில குஞ்சுகள் நல்ல தண்ணீர் வரை ஏறிப் போகும். வளர்ந்த பின் முட்டையிட மீண்டும் உப்பு நீருக்கு வரும்.

எந்த மீன் எங்கே வளர்ந்தது? மீனிடம் கேட்க முடியாது. கல்லிடம் கேட்கலாம்.

இந்தக் கல் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. மரத்தில் வளையம் விழுவது போல, இதில் படிவம் மேல் படிவமாக வளரும். வளரும்போது தண்ணீரில் உள்ள உலோகங்களும் துளித் துளியாக உள்ளே சேரும். அவற்றில் இரண்டு, ஸ்ட்ரான்சியம், பேரியம். பொதுவாகக் கடலில் வாழ்ந்த காலத்துப் படிவத்தில் ஸ்ட்ரான்சியம் கூடுதலாக இருக்கும். ஆற்றில் வாழ்ந்த காலத்துப் படிவத்தில் பேரியம் கூடுதலாக இருக்கும். ஆறும் ஆறும் ஒன்றல்ல. ஆகவே விஞ்ஞானிகள் அந்தந்தத் தண்ணீரையும் முதலில் சோதிக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத உலோகத்தை எப்படிப் பார்ப்பது? கல்லை மெல்லிய வில்லையாகத் தேய்க்கிறார்கள். அதன் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். தலைமுடியை விட மெல்லிய புள்ளி ஒன்று தூசியாகக் கிளம்புகிறது. அந்தத் தூசியை வாயு இழுத்துக்கொண்டு போய், சூரியனின் மேற்பரப்பை விடச் சூடான இடத்தில் விடுகிறது. அங்கே தூசி தனித்தனி அணுக்களாகப் பிரிந்து மின்னேற்றம் பெறுகிறது.

அடுத்தது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி. முறத்தில் புடைத்தால் உமி ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம் போகிறதல்லவா? அது போல இந்தக் கருவி அணுக்களை எடை பார்த்துப் பிரித்து எண்ணுகிறது. புள்ளி புள்ளியாக எண்ணி, கணிப்பொறியில் வண்ணம் தீட்டினால், கல்லின் எந்தப் பகுதியில் எந்த உலோகம் என்று படமே கிடைத்துவிடும். ஆலன் கிரே என்பவர் 1985-இல் இந்தக் கருவியோடு லேசரைச் சேர்த்துக் காட்டினார்.

ஆஸ்திரேலியாவிலும் பாப்புவா நியூ கினியிலும் கொடுவாக் கற்களைப் பார்த்தார்கள். சில மீன்கள் ஒரு நாள் கூட நல்ல தண்ணீருக்குப் போனதில்லை! எல்லாக் கொடுவாவும் ஆற்றில் ஏறும் என்று எண்ணியவர்களுக்கு இது புதிய செய்தி. அப்படியானால் ஆற்றை மட்டும் காத்தால் போதாது, கழியும் கரையும் வேண்டும்.

அந்தமானுக்கு இது சின்ன விஷயம் அல்ல. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் கடல் நீர் புகுந்து நின்றது. வடக்கே நிலம் உயர்ந்தது. அலை எட்டாமல் பல இடங்களில் அலையாத்தி மரங்கள் பட்டுப்போயின. மீன் குஞ்சுகளின் வழியும் மாறியது. வயலைக் காக்கக் கழியின் வாயில் கரை போட்டால் குஞ்சு உள்ளே வர முடியாது. ஆஸ்திரேலியாவில் சில இடங்களில் இப்படிப்பட்ட கரைகளின் மதகை அவ்வப்போது திறந்து, குஞ்சுகளுக்கு வழி விடுகிறார்கள்.