காலுறையும் கிருமியும்

நாள் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து பறித்தவருக்கும், சேற்று வயலில் நின்றவருக்கும் மாலையில் கால் கனப்பது ஏன்?

காலுக்கு இறங்கிய இரத்தம் மீண்டும் மேலே ஏறி இதயத்தை அடைய வேண்டும். ஏறிய இரத்தம் கீழே வழியாதபடி நாளங்களுக்குள் சிறு வால்வுகள் உண்டு. நெடுநேரம் நின்று வேலை செய்வோருக்கும், பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருக்கும் இவை தளர்ந்துவிடலாம். அப்போது இரத்தம் தேங்கி, நாளம் புடைத்து, கால் வீங்கும். கணுக்காலருகே ஆறாத புண்ணும் உண்டாகலாம்.

அமெரிக்காவில் வாழ்ந்த கொன்ராட் ஜொப்ஸ்ற் என்ற பொறியியலாளருக்கும் இந்நோய் இருந்தது. நீச்சல் தடாகத்தில் நிற்கும்போது வலி குறைவதை அவர் கவனித்தார். ஆழம் கூடக்கூட நீரின் அமுக்கமும் கூடும். எனவே கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இறுக்கும் காலுறையை 1950 அளவில் உருவாக்கினார். இன்றைய அமுக்கக் காலுறைகளும் இம்முறையிலேயே செய்யப்படுகின்றன.

ஆனால் இறுகிய துணிக்குள் வியர்வை தங்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் பற்றீரியா பெருகும். நாற்றமும் அரிப்பும் வரும். தீக்காயத் தழும்புக்கான அமுக்க ஆடையையோ நாளொன்றுக்கு 23 மணி நேரம் வரை அணிய வேண்டும். இதனால்தான் கிருமியைத் தடுக்கும் துணிகளை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர்.

இதற்கு வெள்ளி, செம்பு ஆகிய உலோகங்கள் பயன்படுகின்றன. ஈரத்தில் இவற்றிலிருந்து கசியும் மிக நுண்ணிய துகள்கள் பற்றீரியாவின் வெளிச்சுவரைச் சேதப்படுத்துகின்றன. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைற்றோசான் என்ற பொருளும் உதவுகிறது. துணியின்மேல் பூசிய மருந்து இழுபட்டும் கழுவப்பட்டும் தேய்ந்து போகும். நூல் நூற்கும்போதே கலந்தால் நீடிக்கும். பலமுறை கழுவிய பின்னும் துணி கிருமியைத் தடுக்கிறதா, இழுவை குன்றவில்லையா, தோல் புண்படவில்லையா என்று மூன்றையும் சோதிக்க வேண்டும்.

எனினும் இத்துணி புண்ணுக்கு மருந்தன்று, கழுவுதலுக்கு மாற்றுமன்று. யானைக்கால் நோய் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்ற நிலையை இலங்கை 2016இல் அடைந்ததை உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. அந்நோயால் கால் வீங்கியோருக்கு இன்றும் முதற் பராமரிப்பு, நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் துடைப்பதே. மண்சரிவால் வீடிழந்து முகாமில் தங்கும் குடும்பங்களுக்கு, விலை உயர்ந்த துணியைவிடச் சுத்தமான தண்ணீர்க் குழாய் முதலில் தேவை.

கவனிக்க:

• வைத்தியரைக் கேளாமல் அமுக்கக் காலுறை அணியாதீர்கள். நீரிழிவு உள்ளவருக்கும், பாதத்துக்கு இரத்தம் குறைவாக ஓடுபவருக்கும் அது கேடு செய்யலாம்.

• காலையில் படுக்கையை விட்டு எழுமுன், கால் வீங்காதிருக்கும்போது அணியுங்கள்.

• தினமும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலும் அடுப்புச் சூடும் இழுவையைக் கெடுக்கும்.

• ஓய்வு வேளையில் காலை உயர்த்தி வையுங்கள்.

• ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.